தீயணைப்பு நிலையத்தின் சமையல்காரர்

அடுப்பு பற்றவைக்கத் தெரியாது என்று பதினெட்டு வருஷம் சாதித்தவர் அவள் கணவர். தீயணைப்பு வீரர். "எனக்கு நெருப்பை அணைக்கத்தான் தெரியும், மூட்டத் தெரியாது" என்பார். கேட்டவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். தையல்காரியான அவளும் சிரித்துவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டுச் சமைக்கப் போவாள்.

ஒருநாள் அவர் படிக்கும் கண்ணாடியை மறந்துவிட்டுப் போக, அதைக் கொடுப்பதற்காக முதல்முறையாக நிலையத்துக்குப் போனாள்.

"வாங்கம்மா, அண்ணன் சமையல்கட்டுல இருக்காரு" என்று அழைத்துப் போனார் வண்டி ஓட்டுநர்.

உள்ளே காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவர் வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு பேருக்கும் அண்ணன் சமையல்தான். பத்து வருஷமா நாங்க குடுத்து வச்சவங்க" என்றார் ஓட்டுநர்.

அவளைப் பார்த்ததும் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. "இங்க வேலைன்னு வந்தா செஞ்சுதானே ஆகணும்" என்று மென்று விழுங்கினார்.

"அப்ப வீட்ல நான் செய்யறதுக்குப் பேரு என்னங்க?"

ஓட்டுநர் மெல்ல நழுவினார். காய்ச்சலோடு அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு நடந்த நாட்கள் எத்தனை! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு தட்டு வைங்க."

வைத்தார். உப்பும் காரமும் அளவாக, அத்தனை ருசியாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணீர் தட்டில் விழ விழ, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.