சுவரைப் பார்த்த நாற்காலி

“நீ அங்க வந்து என்னட்டி செய்யப் போற, உனக்குப் பொழுதே போகாது” என்று காலையில் ஆஸ்டின் கேட்டதும், “சும்மா உக்காந்திருக்கேன், அதுக்கும் டிக்கெட் போடுவாகளா” என்று அவள் திருப்பிக் கொடுத்ததும், “பொறவு தலவலிக்குன்னு என்னையச் சொல்லக் கூடாது” என்று அவன் சிரித்ததும்... அந்தச் சிரிப்பை நம்பித்தானே ஆராதனை முடிந்த கையோடு, சேலைகூட மாற்றாமல், ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் யுவராணியின் இந்த மாடி அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் ஸ்வீட்லின், வந்த பிறகு புருஷன் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பினானா, டிராம்போனை உறையிலிருந்து எடுத்தான், அதன் முனையில் மாட்டி வாய் வைத்து ஊதுகிற, தேடித் தேடிச் சேர்த்த பழைய மவுத்பீஸ்களை முட்டை அட்டையோடு மேசையில் வைத்தான், குழிக்கு ஒன்றாகப் பதினான்கு, யுவராணி குனிந்து பார்த்து, “இது புதுசால்ல இருக்கு, எங்கண்ணே புடிச்சீக” என்றாள், மதுரையில் பழைய சாமான் கடையில் என்று அவன் கதை சொல்ல ஆரம்பித்தான், வீட்டில் சொல்லாத கதை. அண்ணே. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

யுவராணி பள்ளிக்கூடத்தில் பேண்டு டீச்சர், அவளும் டிராம்போன்தான் வாசிப்பாள், போன வருஷம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பழக்கம், அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு இந்த ஒப்புப் பார்க்கிற வேலை. ஒருவர் ஊத வேண்டும், மற்றவர் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், எந்த மவுத்பீஸ் என்று தெரியாமல் காதால் மட்டும் கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும், பிறகு ஆள் மாறும். ஆள் மாறும்போது மவுத்பீஸும் வாய் மாறுகிறதே, அதை யார் கேட்பது? அவன் உதட்டிலிருந்து எடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணியால் ஒரு துடை, அவ்வளவுதான், அவள் உதட்டில். அந்தக் காஸ் துணி... பேண்டேஜ் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் நாள் முழுக்க நின்று வெட்டுகிறவள் ஸ்வீட்லின், கழிவில் நல்ல துண்டாகப் பொறுக்கி மடித்து அவன் பையில் வைக்கிறவளும் அவள்தான், அவன் எச்சிலைத் துடைத்து இன்னொருத்தி வாய்க்குக் கொடுக்கவா வெட்டினேன்? கல்யாணமான புதிதில் அவள் மிச்சம் வைத்த காப்பியை வாங்கிக் குடித்தவன்தானே இவன்.

குற்றம் தன்மேல்தான் என்று ஒரு மனம் சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு வீட்டைத் துப்புரவாக்கியபோது, கறுத்துக் கிடந்த மவுத்பீஸ் ஒன்றைப் பார்த்தாள், குத்துவிளக்கு, குடம் எல்லாம் தேய்க்கிற கைதானே, புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்தாள், வெள்ளி முலாம் என்று யார் சொன்னார்கள், மஞ்சளாகப் பித்தளை தெரிந்தபோது பளபளவென்று இருக்கிறதே என்று சந்தோஷம்தான் பட்டாள். அவன் வைதிருந்தால்கூட ஆறியிருக்கும், வையவில்லை, விரலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, “சரி, விடு” என்றான், மறுநாள் முட்டை அட்டை பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. அதற்கப்புறம் எதைக் கேட்க அவளுக்கு வாய் இருந்தது?

இப்போது அவன் ஊதுகிறான், கீர்த்தனையின் முதல் அடி, நாற்காலியில் யுவராணி கண்ணை மூடிக்கொண்டு, “குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசுத மாதிரி இருக்குண்ணே, ஆறு போடுங்க” என்கிறாள், அவன் என்னமாய்ச் சிரிக்கிறான், அடுத்ததை மாட்டுகிறான், இது... இது வாய் வைக்கிற குழி குறுகலாக இருக்கிற மவுத்பீஸ், விடிகாலையில் ஊதுவானே, மேலே போகும்போது கத்தரி புதுத் துணியில் இறங்குகிற மாதிரி ஒரு கூர்மை, சோறு வடித்துக்கொண்டே எத்தனை நாள் கேட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறது என்று அடுப்பிடம் சொல்லியிருக்கிறாள், அவனிடம் சொன்னதில்லை, அவன் கேட்டதில்லை. “எட்டு” என்கிறாள் யுவராணி. எட்டா? ஸ்வீட்லினுக்குச் சுருக்கென்கிறது, ஒன்பது கொடுக்கலாமே இதற்கு... ஏன் கோபம் வருகிறது, எட்டுக்கா, இல்லை, அந்த உதட்டுக்குமில்லை போலிருக்கிறதே, காஸ் துணிக்குமில்லை, எப்படி இருக்கு என்று அவன் யுவராணியிடம் கேட்கிறானே, கேட்டுவிட்டுப் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே அந்த ஒரு நிமிஷம், அதற்குத்தானா இத்தனை நாள் வயிறு எரிந்தது? தான் சொல்வது தப்பாகவே இருக்கட்டும், இரண்டு பேரும் சிரிக்கட்டும், சிரித்தால் என்ன, கால் எழுந்துவிட்டது, “யுவராணி, செத்த எந்திரி” என்று தன் குரல்தான் கேட்கிறது, “என்ன மதினி, தண்ணி வேணுமா” என்று அவள் பதறி எழுகிறாள், ஆஸ்டின் அடுத்ததைக் கையில் பிடித்தபடி நிற்கிறான், ஸ்வீட்லின் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள், அவன் முகம் தெரியாததுதான் நல்லது.

“ஏங்க... எனக்கும் ஊதுங்க. ஊதிட்டு, எப்படி இருக்குன்னு எங்கிட்டயும் கேளுங்க.”