முதலாளி பார்வை

பயிற்சி வகுப்புக்குப் போய்த் திரும்பியதிலிருந்து முதலாளி மனிதர்களிடம் பேசுவதை விட்டுவிட்டு, கூட்டத்திடம் பேச ஆரம்பித்திருந்தார். திரைச்சீலை தைக்கிற அந்தக் கூடத்தில் மேடை ஏது? அதனால் ஒரு துணி உருளையின் மீது ஏறி நின்றார். அது உருண்டுவிடாமல் அவருடைய மனைவியின் தம்பி காலால் முட்டுக்கொடுத்திருந்தான். துணி வெட்டுவதுதான் அவன் வேலை. அக்காள் புருஷனைத் தாங்குவது உபரி.

"இனிமே இங்க கான்பான்!" என்றார் முதலாளி.

விஷயம் இதுதான். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. வெட்டு, தையல், இஸ்திரி, முடிந்தது என்று கட்டங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. முடிந்தது தவிர எந்தக் கட்டத்திலும் மூன்று அட்டைக்கு மேல் நிற்கக் கூடாது. கையில் இருப்பதை முடித்தவர்தான் முந்தைய கட்டத்திலிருந்து அடுத்ததை இழுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டம் அடைத்துக்கொண்டால், கை சும்மா இருப்பவர்கள் அங்கே போய் உதவ வேண்டும். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய சங்கதி. முதலாளி மதியச் சாப்பாடு வரை சொன்னார்.

"இதை மீறினா இந்தப் பலகை வெறும் சுவர் அலங்காரம்!" என்று முடித்தார். ஒருவர் கை தட்டினார். முழங்கையில் உட்கார்ந்த கொசுவுக்காக அது என்று பிறகு தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், முறை வேலை செய்தது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பதால் அதுவே பெயராகிப்போன தையல்காரர், ஏழெட்டு வீட்டுத் திரைகளை அரைகுறையாகத் தைத்துக் காலடியில் குவித்து வைத்திருப்பார். இப்போது ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார். குவியல்கள் கரைந்தன. கூடத்தின் தரை நீல நிறம் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

முதலாளிக்கு உறுத்தியதும் அதுதான். எல்லாம் அவரைக் கேட்காமலே நடந்தது. அட்டைகள் பாட்டுக்கு நகர்ந்தன. அவருடைய கண்ணாடி அறைக்குள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு "சார், இதை என்ன பண்றது?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ஒரு முதலாளி எவ்வளவு நேரம்தான் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்?

மறுநாள் காலை இஸ்திரிக்கும் முடிந்ததுக்கும் நடுவே சிவப்பு மையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: 'முதலாளி பார்வை.'

இஸ்திரியைக் கவனிக்கும் மனைவி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல என்னங்க பண்ணுவீங்க?"

"தரம் பாப்பேன்."

"எப்படி?"

"பாத்துத்தான்."

அவள் இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேள்வியை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஒரு புது ஹோட்டலின் வேலை வந்தது. மாடிக்கு ஓர் அட்டையாக மூன்று அட்டை. சனிக்கிழமை திறப்பு. வெள்ளி மாலைக்குள் திரைகள் வரவில்லை என்றால் எதிர்க்கடையில் எடுத்துக்கொள்வதாக ஹோட்டல் நிர்வாகி அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எதிர்க்கடைக்காரர் வேறு யாருமில்லை, முதலாளியின் பெரியப்பா மகன். வேலை அங்கே போனால் அது வெறும் நஷ்டமில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு எந்த நல்லது கெட்டதுக்குப் போனாலும் காதில் விழப்போகிற கதை.

வியாழனன்று முதலாளி கடையில் இல்லை. வணிகர் சங்கத்தில் பேசப் போயிருந்தார். தலைப்பு: 'தடையில்லாத வேலை.'

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடியில் செய்த நினைவுப்பரிசைக் கையில் ஏந்தியபடி உள்ளே நுழைந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு தையல் மெஷின்கூட ஓடவில்லை. ஆகட்டும் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்திருந்தார்.

"என்னடா இது, ஸ்டிரைக்கா?"

"இல்ல மாமா, கான்பான்" என்றான் மச்சினன்.

முதலாளி பலகையைப் பார்த்தார். சிவப்புக் கட்டத்தில் மூன்று அட்டை, அவர் பார்வைக்காகக் காத்தபடி. அது நிறைந்ததால் இஸ்திரியில் மூன்று. அது நிறைந்ததால் தையலில் மூன்று: ஹோட்டலின் மூன்று மாடியும், தைத்து முடித்து, சுருக்கத்தோடு.

"ஒரு நாள் மீறினா என்ன? எடுத்துப் போட வேண்டியதுதானே!"

"சுவர் அலங்காரம் ஆயிடுமேங்க" என்றாள் மனைவி. "அதான் நீங்க சொன்ன மாதிரி உதவிக்கு வர்றோம்."

எல்லோரும் எழுந்து, தேங்கிய திரைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்கள். இருவர் நிற்கிற இடத்தில் ஆறு பேர். ஆகட்டும் ஒரு திரையை விரித்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"பாருங்க சார்."

முதலாளி பார்த்தார். திரையும் பார்த்தது.

"எதைப் பாக்கணும்னு சொன்னீங்கன்னா நாங்களும் சேர்ந்து பாப்போம்" என்றார் ஆகட்டும்.

"அது வந்து... நீளம். ஓரத் தையல். கறை கிறை இருக்கான்னு..."

"இஸ்திரி போடும்போதே இதெல்லாம் பாத்துடறோமே மாமா. அக்கா கண்ணுல இருந்து எது தப்பும்? நீங்களே தப்பல."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மேசைமேல் தொலைபேசி அலறியது. நிர்வாகி அம்மாள்.

"கிளம்பியாச்சா சார்? இல்ல, எதிர்ல சொல்லிடட்டுமா?"

கண்ணாடிக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம், பெரியப்பா மகன் கடை வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்த்தார். சிவப்பு எழுத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சாயங்காலம் வந்துடும் மேடம்."

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், துடைப்பானை எடுத்து, தன் பார்வையை ஒரே இழுப்பில் அழித்தார்.

"முறையைத் தொடர்ந்து மேம்படுத்திக்கிட்டே இருக்கணும்" என்றார் பலகையிடம். "பயிற்சியிலேயே சொன்னாங்க."

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

அதன் பிறகு கூடம் உயிர் பெற்றது. மூன்று அட்டை முடிந்ததுக்குத் தாவ, இஸ்திரியில் தேங்கியவை சரசரவென்று தீர, ஹோட்டல் திரைகள் மேசைக்கு வந்தன. மேற்பார்வையிடலாம் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்த முதலாளியை மனைவி நிறுத்தினாள்.

"கை சும்மாதானே இருக்கு?"

பதில் சொல்வதற்குள் அந்தக் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. முதல் திரையில் இருந்த சுருக்கத்தை எடுத்து வேறு இடத்தில் போட்டார். "தண்ணி தெளிங்க மாமா, திரை அழப்போகுது" என்றான் மச்சினன். நாலாவது திரையில் வேலை பிடிபட்டது. அதற்கப்புறம் சட்டை முதுகு நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது நிர்வாகி அம்மாளே வண்டியோடு வந்துவிட்டார். மடித்த திரைகளைத் தடவிப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே. முதலாளி எங்கே?"

"இஸ்திரியில இருக்கார்" என்றார் ஆகட்டும்.

முதலாளி நிமிர்ந்தார். தடையில்லாத வேலையைப் பற்றி நாலு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. மேசையில் கடைசித் திரை, ஓரம் மட்டும் மிச்சம்.

"ஒரு நிமிஷம் மேடம், இதை முடிச்சுடறேன்" என்று குனிந்துகொண்டார்.