இடதுபக்கச் சீட்

"பிக்கப்ப வித்துட்டேன், ரே."

"எந்தப் பிக்கப்ப?"

"என்கிட்ட எத்தன பிக்கப் இருக்கு?"

"வித்துட்டு? கம்பிச் சுருளையெல்லாம் தலையிலயா தூக்கிட்டுப் போவ?"

"இனிமே கம்பியே கெடையாது. முப்பது வருஷம் அடுத்தவன் மாட்டுக்கு வேலி கட்டியாச்சு. போதும்."

"சரி, அதுக்குப் பதிலா என்ன வாங்கின?"

"வெளிய நிக்குது. வந்து பாரு. ஆனா சிரிக்கக் கூடாது."

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் டயர் கடையில் கெல்வினுக்கும் ரேலீன் என்கிற எனக்கும் நடந்த பேச்சு இது. நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் எதிரில் இருக்கும் பொருளுக்குக் கொஞ்சம் தகுதி வேண்டும். வாசலில் நின்றது முப்பத்தாறு வயதான ஒரு டப்பா. விற்றவன் விளம்பரத்தில் 'எஸ்யூவி, எந்தக் காட்டுக்கும் தயார்' என்று போட்டிருந்தானாம். பழுப்பா பச்சையா என்று அந்த வண்டிக்கே தெரியாத ஒரு நிறம். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். நனைந்த ஆட்டு ரோமமும் பழைய சிகரெட்டும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

"எத்தன நாள் தாங்கும்னு வித்தவன்கிட்ட கேட்டியா?"

"முப்பத்தாறு வருஷம் தாங்கியிருக்கே!"

"அதான் சொல்றேன். தாங்க வேண்டியதெல்லாம் தாங்கி முடிச்சிருச்சு."

கெல்வின் கதவைத் திறந்து, "டீசல், ஏறுடா" என்றான். டீசல் அவனுடைய நாய். பிக்கப்பின் திறந்த பின்தட்டில் நின்று, காது இரண்டும் காற்றில் பறக்க, ஒன்பது வருடம் பயணம் செய்த நாய். அது புது வண்டியின் பின்சக்கரத்தை மோந்தது. காலைத் தூக்கித் தன் கருத்தைத் தெரிவித்தது. பிறகு என் கடைக்குள் வந்து டயர் அடுக்குக்குக் கீழே படுத்துக்கொண்டது. எங்கள் ஊரான டன்மோரில் எனக்கு நிகரான அறிவுள்ள ஒரே ஜீவன் அதுதான்.

எங்கள் ஊரில் பிக்கப் வைத்திருப்பவன் ஊருக்கே பொதுச்சொத்து. யார் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தாலும் கெல்வின். வைக்கோல் கட்டு, கல்யாண நாற்காலி, ஒரு முறை வேய்னின் மாமனார் சவப்பெட்டி, எல்லாம் கெல்வின். என் டயர்கள் நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் வரும். அங்கிருந்து பதினோரு வருடமாக அந்தப் பின்தட்டில்தான் கடைக்கு வந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் இறக்கி வைத்துவிட்டு, கறுப்புத் தேநீர் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போவான்.

ஆனால் அந்தப் பிக்கப்பில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார இடம் இருந்தால்தானே? ஓட்டுபவனுக்கு ஒரு சீட். இடதுபக்கச் சீட்டில் இடுக்கி, ஆணிப்பெட்டி, மழைக் கோட்டு, என்றோ தின்ற சாண்ட்விச்சின் காகிதம். ஆறு வருடத்துக்கு முன்னால், ஊர் விவசாயக் கண்காட்சியை ஒட்டி நடக்கும் நடன விருந்துக்கு முந்தின நாள், "ரே, சீட்டக் காலி பண்ணவா? சேந்தே போயிரலாம்" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் இடுக்கிக்கு எதுக்குத் தொந்தரவு? நான் என் வண்டில வந்துக்கிறேன்." இரண்டு வண்டியில் போனோம், பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினோம், இரண்டு வண்டியில் திரும்பினோம். பதினோரு வருடத்தில் எங்களுக்குள் நடந்த காதல் காட்சி அவ்வளவுதான்.

இப்போது அவன் ஊர் சுற்றப் போகிறானாம். மேற்கே, மணற்பாலைவனத்தைக் கடந்து, கடல் தெரியும்வரை.

ஊர் சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். ஜூன் பிறந்து குளிர்காலம் தொடங்கினால் தெற்கே நகரங்களிலிருந்து கிளம்பி வந்துவிடுவார்கள். கூரைமேல் கூடாரம், முன்னால் ஆறு விளக்கு, ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சு விடுவதற்கென்று கூரைவரை ஒரு குழாய். அந்தக் குழாய் வைத்த வண்டி எதுவும் வாளித் தண்ணீரைக்கூடத் தாண்டியிருக்காது. கதவெல்லாம் போன ஊர்களின் ஸ்டிக்கர். என் கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, "இவ்ளோ தனியா எப்படிங்க இருக்கீங்க?" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். நான் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

என் புருஷன் ட்ரெவர் அப்படித்தான் போனான். பதினைந்து வருடமாகிறது. வண்டிக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு, "மூணே மாசம்" என்றான். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றான். நான் கையில் டயர் நெம்பும் கம்பியோடு வாசலில் நின்றேன். "என்னையும் கூட்டிட்டுப் போ" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றேன். பால் இன்னும் வரவில்லை. கேட்டு அவன் மறுத்திருந்தாலாவது ஒரு நாள் அழுது முடித்திருப்பேன். இனி எந்த ஆண்பிள்ளையிடமும் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தொல்லை என்னவென்றால், கெல்வின் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்த பிறகு, அந்த வார்த்தை திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

மூன்று வாரம் என் கடை முற்றத்தில்தான் அந்த டப்பாவைச் செப்பனிட்டான். நான் வாய் ஓயாமல் ஏசினேன். கதவு கீல் முனகியது, ஏசினேன். ஹாரன் வாத்து மாதிரிக் கத்தியது, ஏசினேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் இடதுபக்கச் சீட்டை மட்டும் கழற்றிக் குதிரைச் சேணம் தைக்கிறவரிடம் கொண்டுபோனான். புதுத் தோல் உறை, நல்ல அரக்கு நிறம், இரட்டைத் தையல். ஓட்டுகிறவன் சீட்டிலோ பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"யாருக்குய்யா இந்தச் சிம்மாசனம்?"

கெல்வின் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். "டீசலுக்கு" என்றான்.

"அவன்தான் உன் வண்டிக்கு அபிஷேகம் பண்ணிட்டானே. ஏறவா போறான்?"

"ஏறலன்னா... அவன நீ வச்சுக்கிறியா, ரே?"

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசம். ஒரு வருஷமும் ஆகலாம். தெரியல."

"வச்சுக்கிறேன். உன்ன மாதிரி இல்ல, நல்ல நாய்."

அன்று மத்தியானம் புது டயர்கள் மாட்டினேன். முன்சக்கரங்களை மாட்டும்போதுதான் அவற்றின் நடுவிலிருந்த திருகுகளைப் பார்த்தேன். அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரமும் இழுக்கவேண்டுமென்றால் உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் போதாது. இறங்கி வந்து, முன்சக்கரம் இரண்டிலும் இந்தத் திருகைக் கையால் பூட்டவேண்டும். பூட்டாவிட்டால் முன்சக்கரம் சும்மா உருளும், அவ்வளவுதான். கெல்வினின் பிக்கப்பில் உள்ளே ஒரு பொத்தான், அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். இருபது வருடம் பொத்தானை அழுத்தியே பழகிய விரலுக்கு இது எங்கே தெரியும்? இரண்டு திருகும் திறந்தே இருந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். மூடிபோட்ட மாதிரி வாயை வைத்துக்கொண்டு அடுத்த நட்டை முறுக்கினேன்.

ஜூன் இரண்டாம் வாரம் பருவம் தவறி ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை கெல்வின் கிளம்பினான். வெளுத்த சட்டை, சீவிய தலை. டீசல் என் கால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"போய்ட்டு வரேன், ரே."

"கறுப்பு மண் ரோட்டுல போகாத, மழ பெஞ்சிருக்கு. தார் ரோட்டுல சுத்திப் போ."

"நாலு சக்கர வண்டிய வச்சுக்கிட்டுத் தார் ரோட்டுல போனா ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்பவே சிரிச்சுட்டுதான் இருக்கு, மகராசா. போ."

இடதுபக்கக் கதவைத் திறந்தான், சீட்டைக் கையால் தட்டினான், மூடினான். என்னைப் பார்த்தான். நான் பால் வாங்கி வரச் சொல்லாததுதான் பாக்கி. வண்டி போய்விட்டது.

பத்தரை மணிக்கு ரேடியோ கரகரத்தது. "யாராவது இருக்கீங்களா? நதிக்கரைத் திருப்பத்துக்கு முன்னால, கொஞ்சம் மாட்டிக்கிட்டேன்." கெல்வினின் குரல். எங்கள் ஊரில் எல்லா வண்டியிலும் இப்படிப் பேசிக்கொள்ளும் ரேடியோ உண்டு, எல்லாருக்கும் காதும் உண்டு. முதலில் வேய்ன்தான் ரேடியோவில் வந்தான்.

"பாலைவனத்துக்குப் போயிட்டியா கெல், அதுக்குள்ளயா?"

"பதினாலு கிலோமீட்டர் போயிருக்கான்யா! கடல் தெரியுதா கெல்?"

"பார்ல பலகையத் தொடச்சு வச்சாச்சு!"

பாரில் ஒரு கரும்பலகை உண்டு. சேற்றில் சிக்கியவன் பெயரை, அவனை இழுத்து மீட்டவர் தன் கையால் எழுதவேண்டும். அடுத்தவன் சிக்கும்வரை அழிக்கக்கூடாது. இருபது வருடமாகக் கெல்வின் பெயர் அதில் ஏறியதே இல்லை. பாதிப் பெயர்களை எழுதியவனே அவன்தான்.

"யாரும் போகவேணாம். நான் போறேன்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, டீசலை ஏற்றிக்கொண்டு என் லாரியை எடுத்தேன். வழி முழுக்கச் சொல்லவேண்டிய ஏச்சுகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

கெட்டியான தரை முடியும் இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு நடந்தேன். டப்பா அச்சுவரை புதைந்திருந்தது. கெல்வின் தலையிலிருந்து கால்வரை கறுப்புச் சேறு. அவனுடைய வெளுத்த சட்டை எங்கே முடிகிறது, அவன் எங்கே தொடங்குகிறான் என்று தெரியவில்லை. சக்கரங்களுக்கு அடியில் கிளைகளை முறித்துப் போட்டிருந்தான். அந்த மட்டுக்கு வேலை தெரிந்தவன்தான்.

"லீவரப் போட்டியா?"

"போட்டேன். பின்சக்கரம் மட்டும் சுத்துது. முன்னால செத்துக் கெடக்கு. நீ சொன்னது சரி, டப்பாதான்."

"வண்டி டப்பா இல்ல. டப்பா உள்ள உக்காந்திருந்துச்சு." சேற்றில் முழங்காலிட்டேன். முன்சக்கரத்துச் சேற்றை வழித்து, திருகைப் பிடித்து முறுக்கினேன். டக்கென்றது. அந்தப் பக்கம் போய் அதையும் முறுக்கினேன். நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன். "ஏறு. மெதுவா விடு. வாத்து ஹாரன் வேணாம்."

வண்டி ஒரு தரம் உறுமியது. நாலு சக்கரமும் கிளைகளைக் கவ்வின. தூங்கி எழுந்த எருமைபோல, அவசரமில்லாமல், அது சேற்றிலிருந்து மேலேறிக் கெட்டித் தரையில் வந்து நின்றது. எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கெல்வின் இறங்கி வந்து திருகைக் குனிந்து பார்த்தான்.

"முன்டயர நீதானே மாட்டின, ரே?"

"ஆமா."

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஏச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. வழி முழுக்க அடுக்கி வைத்தது எங்கே போயிற்று? "சொன்னா தாண்டிப் போயிருவியே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டீசல் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தது. ஒரு மாதமாக அந்த வண்டியைத் திரும்பிப் பார்க்காத நாய், திறந்த கதவு வழியாகத் தாவி, சேற்றுக் காலோடு அரக்கு நிறச் சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

"டேய்! எறங்கு!" கெல்வின் பதறிப்போய் ஓடினான். "பின்னாடி போடா. அது உனக்கில்ல!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றான். சேற்றுக்குள்ளும் காது சிவந்தது தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல், சட்டை நுனியால் தோல் உறையைத் துடைக்க ஆரம்பித்தான். சட்டையே சேறு, துடைக்கத் துடைக்க அதிகமானது.

பதினோரு வருடம். முப்பது வருட வேலையை விட்டிருக்கிறான், பிக்கப்பை விற்றிருக்கிறான், சேணம் தைக்கிறவரிடம் இரட்டைத் தையல் போட்டு வாங்கியிருக்கிறான். இத்தனையும் செய்துவிட்டு, விஷயத்தை ஒரு நாயிடம் சொல்கிறான். இப்படி ஓர் ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவனைவிட மோசமாக ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். பாதையில் போகிறவன் திரும்பி வரட்டும் என்று திருகைத் திறந்தே விட்டவள்.

லாரியில் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. "ரேலீன்! இழுத்தாச்சா? பலகைல எழுதிரலாமா?"

போய் அதை அணைத்தேன். திரும்பி வந்து, டீசலைக் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்சீட்டுக்குத் தள்ளினேன்.

"தொடச்சது போதும், விடு. இன்னும் கெடுக்காத."

"ரே, நான்..."

"நீ பேசாத. உனக்கு வராது." கையிலிருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்தேன். பதினைந்து வருடம் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்ததை ஒருவழியாக வெளியே தள்ளினேன்.

"கெல்வின், என்னையும் கூட்டிட்டுப் போ."