கட்டிலுக்கு மிச்சம் எவ்வளவு நேரம்

கணக்கு எங்கேயோ உதைத்தது. கட்டில் முடிய இன்னும் நாலரை மணி நேர வேலை என்று திங்கட்கிழமை காலையில் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தாள். அதன்பின் மூன்று சாயங்காலம், தினம் இரண்டு மணி நேரம் முதுகொடிய வேலை பார்த்தாயிற்று. இன்று வியாழன். மிச்ச வேலையைக் கூட்டினால் மூன்று மணி நேரம் வருகிறது. ஆறு மணி நேரம் உழைத்ததில் குறைந்தது ஒன்றரைதான்.

மற்றவர்களுக்கு இப்படி ஆகலாம், அவளுக்கு ஆகக்கூடாது. மரச்சாமான் தொழிற்சாலையில் அவளுக்கு வேலையே நேரம் குறிப்பதுதான். எந்த நாற்காலிக்கு எத்தனை நிமிடம் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘கடிகாரம்’.

சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்ட கணவனுக்கு, தலைமாட்டைக் கைப்பிடி சுற்றி உயர்த்துகிற கட்டில் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் இந்த மாடிப்படி வளைவில் திரும்பாது. அதனால் துண்டு துண்டாகக் கொண்டுவந்து அவளே பூட்டிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் போனில் வந்தான்.

“அண்ணி, அண்ணன சனிக்கிழமை காலைல ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்பிடறாங்களாம். வண்டிய எந்த வீட்டுக்கு விடச் சொல்றது?”

“ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், தம்பி.”

“இதையேதான் திங்கக்கிழமையும் சொன்னீங்க. உங்க கடிகாரத்துக்கு யாராவது சாவி குடுத்தா தேவல. எங்க கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு.”

எட்டு மணிக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றான். அவன் வீடு ஊரின் மறுகோடி. அங்கே போனால், ஷிப்ட் வேலை பார்க்கிற அவள் கணவனை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கமுடியும். கை ஊன்றக்கூட முடியாத மனிதன், மகள் குரல் கேட்காமல் மாதக்கணக்கில் கிடப்பான்.

கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். ஊரார் வேலையை எல்லாம் அளந்தவள், தன் வேலையை அளந்ததே இல்லை. பொத்தானை அமுக்கினாள்.

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினாள். பால்கனியிலிருந்து சட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தாள். எதிர்வீட்டுப் பெரியவரிடம் ட்ரில் வாங்கப் போனாள். தன் சிறுநீரகக் கல் வெளியே வந்த கதையைச் சொல்லாமல் அவர் தரமாட்டார். அந்தக் கல் இன்று நான்காவது முறையாக வெளியே வந்தது. பிறகு ஒயர் இழுத்து, எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதல் துளை விழுந்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. அடுத்த அரைமணியில் வேலை மளமளவென்று போனது. அதற்குள் மகள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர்கள் படுப்பதும் இதே அறையில்தான். எல்லாவற்றையும் எடுத்து, பால்கனியில் அடுக்கி, மரத்தூளைப் பெருக்க இன்னும் அரைமணி ஆகும்.

துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

தொழிற்சாலையில் அவள் பொத்தானை அமுக்கும்போது பலகை மேசைமேல் இருக்கும். ட்ரில் தலைக்குமேல் தொங்கும். திருகுகள் அளவுவாரியாகக் கைக்கெட்டும். எடுத்து வைப்பதும் பெருக்குவதும் வேறு ஆட்களின் வேலை. அவள் அளந்ததெல்லாம் நடுவில் இருக்கிற அந்த அரைமணியைத்தான். எண்ணில் பிழையில்லை. ஆனால் அது கடைபரப்பித் திரும்பக் கட்டிவைக்கத் தேவையில்லாதவர்களுக்கான எண். வீட்டில் இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் அதற்கே போகிறது. இந்தக் கணக்கில் இன்னும் ஐந்து சாயங்காலம் வேண்டும். சனிக்கிழமைக்கோ இருப்பது ஒன்றே ஒன்று.

துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். மகளின் பாயைச் சமையலறையில் விரித்தாள். ட்ரில்லை நாளை வரை வைத்துக்கொள்கிறேன் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, மேற்பார்வையாளரிடம் போனில் லீவு கேட்டாள். முனகிக்கொண்டே கொடுத்தார். எட்டு அடிக்குமுன் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“வண்டிய இங்கயே விடச் சொல்லுங்க, தம்பி.”

“நிச்சயமாவா, அண்ணி? வாசல்ல வச்சுக்கிட்டு முழிக்கக்கூடாது.”

“நிச்சயமாத்தான். மிச்சம் ரெண்டரை மணி நேர வேலை. தினம் எடுத்து, தினம் கட்டிவச்சா அஞ்சு நாள் ஆகும். இன்னைக்கு எதையும் கட்டிவைக்கல, பரப்பினது பரப்பினபடி இருக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டேன். காலைல ஒரே மூச்சா உக்காந்தா மத்தியானத்துக்குள்ள கட்டில் நின்னுடும்.”