நான்கு பக்கங்களில் பதினோரு வரி

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தன் வாழ்நாளில் பார்த்த லிஃப்டுகள் எல்லாம் எங்கேயாவது ஒரு மாடியில் நின்றன. நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது அவருடைய சகலை மட்டும்தான்.

சகலை என்றால் மனைவியின் அக்கா கணவர். குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனியில் வட்டார மேலாளர். இன்ஸ்பெக்டர் நேரில் அவரை 'அண்ணே' என்பார். மனசுக்குள் 'வட்டாரம்' என்பார். வாரத்தில் ஆறு நாள் குழாய். ஏழாவது நாள் ஏதாவது ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று நாற்காலிகளுக்கும், அவற்றில் பாதியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் விளக்குவார்.

அவருக்கு ஒரு மகன். இன்ஸ்பெக்டருக்கு ஒரு மகள். பையன் மூன்று மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்தைக்கூடத் தன் திட்டமிடலுக்குக் கிடைத்த வெற்றியாகவே வட்டாரம் சொல்லிக்கொள்வார். பையனுக்கு முதலில் பல் முளைத்தது. இன்ஸ்பெக்டர் வயிறு எரிந்தது. பையன் முதலில் நடந்தான், மறுபடி எரிந்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பதினேழு வருஷமாக அணையாத அடுப்பு அது. இப்போது இரண்டு பேரும் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். பையனுக்கு இன்ஜினியரிங், பெண்ணுக்குச் சட்டம்.

விண்ணப்பத்தோடு வகுப்பு ஆசிரியையின் பரிந்துரைக் கடிதம் போக வேண்டும். அந்த ஆசிரியை வரலாறு நடத்துபவர். பத்தொன்பது வருஷமாக ஒரே வழக்கம் வைத்திருந்தார்: தான் கடிதம் எழுதுவதற்கு முன்னால், பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பற்றி ஒரு கடிதம் வாங்கிக்கொள்வார். 'வீட்டுக் கடிதம்' என்று அதற்குப் பெயர்.

"மார்க் வேணாம், பரிசு வேணாம். அதெல்லாம் எங்கிட்டயே இருக்கு," என்றார் பெற்றோர் கூட்டத்தில். "நீங்க கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. நான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கறேன். மீதி நேரம் அவங்க உங்க பிள்ளைங்க."

வட்டாரம் எழுந்து நின்றார். கேள்வி கேட்பதற்கு எழ வேண்டிய கட்டாயம் எதுவும் அங்கே இல்லை.

"மேடம், எத்தனை பக்கம் வரைக்கும் அனுமதி? ஏன் கேக்கறேன்னா, என் பையனைப் பத்தி நான் எழுத ஆரம்பிச்சா அது புத்தகமாவே போயிடும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். இன்ஸ்பெக்டரின் காதிலிருந்து புகை வராததற்குக் காரணம், அந்த அறையில் மின்விசிறி வேகமாக ஓடியதுதான்.

ஞாயிறு மதியம் அவர் எழுத உட்கார்ந்தார். கண்ணால் பார்த்ததை எழுதுவது அவருக்குப் புதிதல்ல; இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு உரசுகிறதா, பிரேக் பிடிக்கிறதா. யாரோ சொன்னதை எழுதக் கூடாது, பார்த்ததை விடக் கூடாது.

'என் மகள் நேரம் தவறாதவள்' என்று ஆரம்பித்தார். நல்ல வரி. அடுத்து என்ன? பேனாவின் மூடியைக் கொஞ்ச நேரம் கடித்தார். 'அவளுடைய பெரியம்மா மகனைப் போல எல்லோரும் பார்க்கும்போது மட்டும் வேலை செய்கிறவள் அல்ல' என்று எழுதினார். அவ்வளவுதான். மழை பெய்து அடைத்துக்கொண்டிருந்த சாக்கடை திறந்துகொண்ட மாதிரி பேனா ஓட ஆரம்பித்தது. அவ்வப்போது 'என் மகளோ' என்று ஒரு வரி வந்து எட்டிப் பார்த்தது. பிறகு மறுபடியும் பையன்.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன, பக்கம் பக்கமாப் போகுது? அவளைப் பத்தி இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?"

"பெத்தவனுக்குத் தெரியாம?"

"போன வாரம் அவ எந்த வகுப்புன்னு எங்கிட்டதானே கேட்டீங்க?"

"அது பிரிவு. வகுப்பு எனக்குத் தெரியும்," என்று சொல்லி, நான்கு பக்கத்தையும் உறையில் போட்டு ஒட்டினார்.

புதன்கிழமை மதியம் ஆசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

ஆசிரியர் அறையில் நாற்பத்திரண்டு உறைகள் இரண்டு அடுக்காக இருந்தன. அடுக்கின் மேல் மாணவர்களிடமிருந்து பறித்த செல்போன் ஒன்று கனத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியை அவருடைய நான்கு பக்கத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

"சார், இந்த மாதிரி ஒரு வீட்டுக் கடிதத்தை நான் படிச்சதே இல்ல."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் 'கடின உழைப்பாளி, பண்பானவன்'னு எழுதறாங்க. நீங்க அப்படி இல்ல. இதைப் பாருங்க: எந்த விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிட்டு முடிச்சதும் நாற்காலியை அஞ்சஞ்சா அடுக்கறான், யாரும் சொல்லாமயே. 'நல்ல பேர் வாங்குவதற்காக'ன்னு நீங்க சேத்திருக்கீங்க, அதை விடுங்க. சின்னப் பசங்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது பென்சிலைப் பிடுங்கிடக் கூடாதுன்னு கையைப் பின்னால கட்டிக்கறான். அப்புறம் இது..." ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க அப்பா மேடையில பேசும்போது இவன் ஒலிப்பெட்டிகிட்ட உக்காந்திருக்கான். அப்பா குரல் ஏற ஏற, இவன் ஒரு விரலால சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வர்றான். ஜனங்களுக்கும் காது வலிக்கல, அப்பாவுக்கும் தெரியல."

"பெத்த அப்பன் குரலையே குறைக்கறான் மேடம். அதுக்காகத்தான் எழுதினேன்."

"தெரியுது சார். பதினேழு வயசுப் பையன் ஒருத்தன், யார் மனசும் நோகாம ஒரு பெரிய மனுஷனைச் சமாளிக்கறான். இது ஒண்ணு போதும் எனக்கு." ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா உங்க பொண்ணு எங்க சார்?"

இன்ஸ்பெக்டர் தாள்களைப் பார்த்தார். மேலிருந்து கீழே. திருப்பி, மறுபக்கம்.

"பென்சிலால கோடு போட்டு வெச்சிருக்கேன்," என்றார் ஆசிரியை. "பதினோரு வரி."

அறையில் இன்னொரு ஆசிரியர் காகிதத்தைச் சரசரவென்று கிழித்தார். அதுகூட இன்ஸ்பெக்டருக்குத் தன்னைக் கேலி செய்வது போல இருந்தது.

"வெள்ளிக்கிழமை எல்லாக் கடிதமும் போயாகணும். நாளைக்குள்ள அவளைப் பத்தி ஒரு பக்கம் வேணும். இல்லைன்னா 'நேரம் தவறாதவள்'னு ஒரு வரி எழுதி அனுப்பறதைத் தவிர எனக்கு வழியில்ல. சட்டக் கல்லூரி அதைப் படிச்சுட்டுக் கடிகாரம் வாங்கிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. இந்த நாலு பக்கத்துல இருந்து அந்தப் பையனுக்கு நான் எடுத்துக்கலாமா? அவங்க அப்பா கம்பெனி லெட்டர்பேடுல ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கார். 'நான்'னு இருபத்திமூணு இடம். பையன் கடைசிப் பாராவுலதான் வர்றான், 'என் கொள்கைகளின் வாரிசு'ன்னு."

வட்டாரத்தின் கடிதத்தில் மகன் இல்லை! இன்ஸ்பெக்டருக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பி, பாதியிலேயே மூக்கு உடைபட்டு நின்றது. தன் கடிதத்தில் மகள் இருக்கிறாளா?

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷத்துப் பொறாமை தொண்டை வரை வந்து அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால் 'இந்த மாதிரி படிச்சதே இல்ல' என்ற வார்த்தை இன்னும் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. எழுதியதை ஒருவர் பாராட்டிவிட்டால் மனுஷன் எதிரிக்குக்கூடத் தானம் செய்வான்.

"எடுத்துக்கங்க மேடம்," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. மகள் சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் எதுக்குப்பா கூப்பிட்டாங்க?"

"சும்மாதான். கடிதத்துல ஒரு சின்னத் திருத்தம்."

"என்ன திருத்தம்?"

"கொஞ்சம் நீளமாப் போயிடுச்சாம்."

"எத்தனை பக்கம்?"

"நாலு."

மகள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. "நாலும் என்னைப் பத்தியா?"

அந்த முகத்தை அவர் பார்த்திருக்கக் கூடாது. பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிற முகம் அது. பார்த்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"உன்னைப் பத்தி... ஒரு பதினோரு வரி."

"மீதி?"

இன்ஸ்பெக்டர் மேஜையின் விளிம்பைத் தடவினார்.

"பெரியம்மா வீட்டு அண்ணனா?"

தலையாட்டினார்.

"அந்தப் பதினோரு வரியில அண்ணன் வராத வரி எத்தனை?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "மூணு."

"அதுல ஒண்ணு என் பிறந்த தேதியா?"

ஆமாம், பிறந்த தேதிதான்.

அவள் சட்டையை மடித்து முடித்தாள். காலரைச் சரியாக நீவிவிட்டாள். "அண்ணனைத் திட்டித்தானே எழுதினீங்க? என்னன்னு எழுதினீங்க, சொல்லுங்க."

சொன்னார். நாற்காலி, பின்னால் கட்டிய கை, சத்தம் குறைக்கும் விரல், அதையெல்லாம் ஆசிரியை அண்ணனின் கடிதத்துக்கே எடுத்துக்கொண்டது. விரல் கதைக்கு அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணன் கப் வாங்கினப்ப எனக்குப் பொறாமை வந்ததில்லப்பா. மார்க் எடுத்தப்ப வந்ததில்ல. பெரியப்பா மைக்குல அவன் பேரைச் சொன்னப்பகூட, ஐயோ பாவம்னுதான் இருந்துச்சு. இப்ப வருது."

"ஏம்மா?"

"உங்களுக்குப் பாக்க நேரமில்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு விரலை இவ்வளவு நேரம் பாத்திருக்கீங்க." அடுத்த துணியை எடுத்தாள். "நான் எதுக்குச் சட்டம் படிக்கணும்னு சொல்றேன்? சொல்லுங்க பாக்கலாம்."

"அண்ணன் இன்ஜினியரிங் எடுக்கறான், அதனால நீ..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தின் நடுவிலேயே தன் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் பதில் சொல்லித்தரவில்லை. மடித்த துணிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு நடந்தவள், அறை வாசலில் திரும்பினாள்.

"பெரியப்பாகிட்ட இதைச் சொல்லிக் காட்டிடாதீங்க. தெரிஞ்சா அவர் கௌரவம் பாத்துக்கிட்டு டீச்சரோட கடிதத்தையே நிறுத்தச் சொல்லுவார். அண்ணன்தான் மாட்டிக்குவான்."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஓங்கி அறைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கேயே, அந்த மேஜையிலேயே அவர் எழுதினார். பார்த்ததை எழுது, பார்த்ததை விடாதே. 'புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு என் மகள் என்னிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. துணி மடிப்பதையும் நிறுத்தவில்லை, ஒரு தடவை தவிர. எட்டாவது கேள்வியில் நான் மறைக்க நினைத்தது எல்லாம் மேஜை மேல் இருந்தது. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அதற்கு அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டாள். ஜெயித்த பிறகு அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அது தனக்காக அல்ல. அங்கே இல்லாத ஒருவனுக்குத் தீங்கு வரக் கூடாது என்பதற்காக. அவள் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.'

வியாழக்கிழமை காலை ஆசிரியை அதைத் தாழ்வாரத்தில் நின்றபடியே படித்தார். மணி அடித்தது. அவர் நகரவில்லை, இரண்டாம் தடவை படித்தார்.

"இது போதும் சார். கடிதம் நாளைக்குப் போயிடும்."

"நல்லா இருக்கா மேடம்?"

"போதும்னு சொன்னேனே."

"இல்ல... அந்த நாலு பக்கத்தைவிட?"

ஆசிரியை கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். "வகுப்புக்கு நேரமாச்சு சார்."

ஆக, அந்த நாலு பக்கம்தான் உசத்தி. தான் எழுதியதன் மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வட்டாரம் போன் செய்தார். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை. மனைவியும் மகளும் மேஜையில் ரொட்டி தின்றபடியே கேட்டார்கள்.

"தம்பி! டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? வீட்டுக் கடிதம் ஒண்ணு இவ்வளவு உதவியா இருந்ததே இல்லையாம், பத்தொன்பது வருஷத்துல! பையனுக்குக் கடிதம் அருமையா அமைஞ்சுடுச்சாம்."

"அப்படியா அண்ணே? யார் எழுதின கடிதம்?"

"என்ன கேள்வி இது? நான் எழுதினதுதான். அடுத்த வாரம் மண்டபத்துல இதைத்தான் பேசப்போறேன். 'பிள்ளையைப் பார்க்கும் கண்'. தலைப்பு எப்படி?"

இன்ஸ்பெக்டரின் நாக்கு நுனியில் நான்கு பக்கமும் வரிசையாக வந்து நின்றன. நாற்காலி, பென்சில், விரல். ஒரு வார்த்தை போதும், அந்த மனுஷன் எந்த மாடியில் இருந்தாலும் அப்படியே கீழே வந்துவிடுவார். எதிரே மகள் ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்ண்ணே," என்றார்.

"நீ எவ்வளவு எழுதின?"

"ஒரு பக்கம்."

"ஒண்ணே ஒண்ணா? பாவம்யா உன் பொண்ணு. மனசு வெச்சுப் பாக்கணும் தம்பி, பாக்கணும்! அப்பத்தான் எழுத வரும்."

"உண்மைதான். அவ்வளவு எழுதி உங்களுக்குக் கை வலிச்சிருக்குமே அண்ணே?"

"வலிக்காம இருக்குமா? ரெண்டு நாள் தூக்கவே முடியல."

மகள் சட்டென்று ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு உதட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்படியும் அடங்கவில்லை. தோள் இரண்டும் குலுங்க, மூக்கு நுனி மட்டும் தனியாகச் சிவந்தது. வட்டாரம் போனில் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கவில்லை. சிரிப்பை அடக்கினால் இவளுக்கு மூக்கு சிவக்குமா? எத்தனை வருஷமாகச் சிவக்கிறது?

இதை எழுதியிருக்கலாம் என்று பட்டது. கடிதம் நேற்றே போய்விட்டது.