சிவப்புக் கோடு போடாத வண்டி

டெரிக்கின் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகவே மாட்டேன் என்றது. மெர்லின் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தாள். சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தேய்த்தாள். பழைய டூத் பிரஷ்ஷைக்கூட எடுத்துப் பார்த்தாயிற்று. இரண்டு நாளாக ஃப்ரீசர் பெட்டியில் கிடந்த விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

"வுட்றீ," என்றாள் அக்கா ஜானட். கல்யாணக் கோட்டை அவனுக்கு மாட்டி முடித்த களைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாலு மணிக்குப் பூசை. கைல ஜெபமாலைய சுத்திட்டா ஒண்ணும் தெரியாது."

"இப்டியேவாக்கா அனுப்பறது?"

"கிரீஸ் இல்லாத கையோட போனா மோட்ச வாசல்ல நிக்கிற ராயப்பருக்கே அடையாளம் தெரியாதுடி. கதவத் தொறக்க மாட்டாரு."

மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அதுவே அழுகையாகிவிட்டது.

வயிற்றுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான் டெரிக். உயிருக்குப் பழைய ஜெர்மன் கார்கள். விம்கோ நகரில் மூடிப்போன ஓர் ஆலைக்குப் பின்னால் கொட்டகை பிடித்து மூன்றை நிறுத்தியிருந்தான். இரண்டு பிஎம்டபிள்யூ, ஒரு பென்ஸ், எல்லாம் முப்பது வயதைத் தாண்டியவை. யாரோ வசதிக்காரர் ஓட்டிச் சலித்து மதிலோரம் துருப்பிடிக்க விட்டதை வாங்கி வருவான். பெரிய எஞ்சினைத் தேடிப் பிடித்து மாற்றுவான், பிரேக்கை மாற்றுவான், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கித் தரையோடு தரையாக உட்கார வைப்பான். 'எனக்கு மூணு சக்களத்தி' என்று மெர்லின் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவற்றில் மூத்தவள் கறுப்பி. ஆறு மாதமாக ரோட்டைப் பார்க்காமல் பிரித்துப் போட்டுக் கிடந்தவள். அவளுக்கு அடியில், கொட்டகைத் தரையில் வெட்டிய பள்ளத்தில்தான் முந்தாநாள் சாயங்காலம் டெரிக் சரிந்து கிடந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். வண்டி அவன்மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை. நாலு சக்கரத்திலும் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்ததாம்.

அதனால்தான் காலையில் கொழுந்தன் ஜெரி வந்து கேட்டபோது மெர்லின் மறுக்கவில்லை.

"அண்ணி, பொட்டி போற வண்டிக்கு முன்னாடி கறுப்பி போணும். ஆறு மாசம் அண்ணன் அதும் பின்னாடியே அலஞ்சான். ஒரு ரவுண்டு ஓட்டாமயே பூட்டானே."

"கொண்டாந்துடு," என்றாள். அந்த நேரத்தில் கடலைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள். சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவள் மகள் சினேகாதான். பிளஸ் டூ படிக்கிற பெண், அழுத முகத்தோடு சித்தப்பாவின் பைக்கில் ஏறிப் போனாள்.

ஜெபமாலையைச் சுற்ற வலது கையைத் தூக்கிய மெர்லின் அப்படியே நின்றாள். கட்டைவிரலில் கிரீஸ் இருந்தது. சிவப்பு இல்லை.

டெரிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மெர்லினின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பான். நட்டு இம்மி அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இழுத்த கையோடு பிரஷ்ஷைக் கட்டைவிரலில் துடைப்பான். வேலை முடிந்த நாளில் அந்தச் சிவப்பு விரலோடுதான் சாப்பாட்டில் உட்காருவான். ஜெரி கேலி பண்ணுவான். "செவப்புக் கோடு இல்லாத வண்டில எம் பொண்ண ஏத்த மாட்டேன்டா," என்பான் டெரிக்.

"அக்கா, ஆஸ்பத்திரில குட்த்த பை எங்க?"

"கதவு பின்னால மாட்டிக்கீது. இப்ப இன்னாத்துக்கு அது?"

பைக்குள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த நீலச் சட்டை இருந்தது. அதன் பையில் நெயில் பாலிஷ் குப்பி. பழையது காய்ந்துவிட்டதென்று மெர்லின்தான் அவன் போவதற்கு முதல் நாள் வாங்கிக் கொடுத்திருந்தாள். மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

கடைசி நாள் காலையில் இட்லியை விழுங்கியபடி அவன் சொன்னது இப்போதுதான் அவள் காதில் ஏறியது. "கறுப்பிக்கு முன்பக்கம் சக்கரத்தப் புட்ச்சினு கீற ஆர்ம் புச்சா மாட்டிட்டேன் மெர்லினு. நட்ட சும்மா கையால வச்சிக்கீறேன். சக்கரத்தப் போட்டு தரைல எறக்கி, வண்டி வெயிட்டு மொத்தமும் உக்காந்தப்பறம்தான் கடசி முறுக்கு. அந்தரத்துல வச்சி முறுக்குனா ரப்பரு கிழிஞ்சிரும்." அவள் அப்போது சட்னியில் உப்பு போதுமா என்று கேட்டாள்.

சக்கரத்தைப் போட்டிருக்கிறான். தரையில் இறக்கியிருக்கிறான். முறுக்கத்தான் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். அதற்குள் நெஞ்சைப் பிடித்துவிட்டது. பார்க்கிறவன் கண்ணுக்கு அது வேலை முடிந்த வண்டி.

சினேகாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஜெரிக்குப் போட்டாள், அதுவும் அப்படியே. டெரிக் சைலன்சரை மாற்றிய நாளிலிருந்து கறுப்பிக்குள் உட்கார்ந்தவர்களுக்கு இடியே விழுந்தாலும் கேட்காது. மறுபடி சினேகாவுக்குப் போட்டாள்.

வாசலில் ரஷீது நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். புளியந்தோப்பில் பட்டறை வைத்திருக்கிறவன், டெரிக்கின் இருபது வருட தோஸ்து.

"பாய், கறுப்பிக்கு முன் ஆர்ம் முறுக்கல. அத்த எட்த்துகினு வராங்க. பொண்ணு உள்ள கீறா."

"யாரு சொன்னது?"

மெர்லின் குப்பியை நீட்டினாள். உறை பிரியாத மூடியைப் பார்த்த ரஷீதுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்த ரோட்ல வரான்?"

"எண்ணூர் ரோடுதான்."

"பூரா கண்டெய்னர் வண்டியா கெடக்குமே அங்க. ஒவ்வொரு பள்ளமும் ஒரு ஆள் ஆழம். நட்டு கழண்டா சக்கரம் மடங்கி..." மீதியை விழுங்கிவிட்டு பைக்கை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

அப்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் அது கேட்டால் மெர்லின் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். கனத்த, ஒரே சீரான உறுமல். இன்று அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம், டக். டக்.

தெருவின் இரு பக்கமும் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேண்டுக்காரர்கள் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார்கள். ஜெரி அண்ணனுக்கு மரியாதை செய்கிற நினைப்பில் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். மெர்லின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றாள்.

பிரேக் அடித்தான். வண்டி நேராக நிற்காமல் மூக்கைத் திருப்பிக்கொண்டு வலப்பக்கம் இழுத்தது. நாற்காலிகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டீ டம்ளர்கள் உருண்டன. யாரோ கத்தினார்கள்.

மெர்லின் கதவைத் திறந்து மகளைத் தரதரவென்று வெளியே இழுத்தாள்.

"இன்னாம்மா? போன் பண்ணியா? சவுண்டுல ஒண்ணுமே கேக்கல."

ஜெரி இறங்கி வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. "அண்ணி, நீதான கொண்டான்ன? இன்னிக்குகூடவா இதும்மேல கோவம்?"

"சாவு வூட்லயும் சக்களத்தி சண்டையா?" என்று பின்னால் ஒரு பெண்குரல் முணுமுணுத்தது. மெர்லினுக்கு அது நன்றாகவே கேட்டது, சுருக்கென்று வலித்தது. புது வெள்ளைச் சேலையோடு ரோட்டில் குப்புறப் படுத்து, வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் செல்போன் விளக்கை அடித்தாள். ரஷீது அவள் பக்கத்தில் படுத்துக் கையை உள்ளே விட்டான்.

நட்டு முக்கால்வாசி கழன்று வெளியே வந்திருந்தது. ரஷீது இரண்டு விரலால் அதைத் திருப்பினான். தண்ணீர் பாட்டில் மூடிபோல அது லேசாகச் சுற்றியது.

"ஜெரி, இங்க வந்து பாரு நைனா."

ஜெரி குனிந்து பார்த்தான். பார்த்தவன் நிமிரவில்லை, அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். "காசிமேட்டுகிட்ட ஒரு டிரெய்லரு குறுக்க வந்துச்சி அண்ணி. நான் பிரேக் அட்ச்சேன். அப்பவே ஒரு பக்கமா இழுத்திச்சி. ரோடு சரியில்லன்னு நெனச்சேன். பாப்பா பக்கத்துல..." சினேகா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரஷீது டிக்கியிலிருந்து டெரிக்கின் ஸ்பானரை எடுத்து வந்தான். வண்டி தரையில் நின்றபடியேதான் முறுக்கினான். வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் போனான். ஒவ்வொன்றுக்கும் ஸ்பானர் டக்கென்று நிற்கிற சத்தம் வந்ததும், "ஆச்சு தங்கச்சி," என்றான்.

மெர்லின் குப்பியின் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். எத்தனையோ கல்யாணத்துக்குப் பிசிறில்லாமல் நகத்தில் போட்ட கைதான், இப்போது காரின் அடியில் நுழைந்தது. நட்டில் ஆரம்பித்து போல்ட்டின் நுனிவரை ஒரு கோடு. அடுத்ததற்கு ஒரு கோடு. எல்லாம் முடிந்ததும் பிரஷ்ஷைக் கட்டைவிரலில் துடைத்துக் குப்பியை மூடினாள்.

"வேற வண்டில போலாம் அண்ணி," என்றான் ஜெரி. "இது வேணாம்."

"இதுலதான் போறோம். பாப்பா பின்னாடி உக்காரட்டும்," என்றாள் மெர்லின். முன்கதவைத் திறந்து தானே உட்கார்ந்தாள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் கறுப்பிக்குள் அவள் ஏறியது அதுதான் முதல் முறை. இருக்கை அவ்வளவு பள்ளமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

காசிமேடு கல்லறையில் மணல் ஈரமாக இருந்தது. சாமியார் ஜெபத்தை முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி அள்ளிக் குழிக்குள் போட்டார்கள். மெர்லின் அள்ளியபோது ஜானட் அவள் கையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, ரெத்தமா? நகப்பூச்சா? கலீஜா கீது, குடு, தொடச்சி வுட்றேன்."

"வேணாங்கா."

மணல் பெட்டியின்மேல் விழுந்தது. எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு வாசலில் இருந்த குழாயடிக்குப் போனார்கள். சினேகா கழுவினாள், ஜெரி கழுவினான், ரஷீது முழங்கைவரை கழுவினான். மெர்லின் குழாயைத் தாண்டி நடந்து போய், கறுப்பியின் கதவை இடது கையால் திறந்தாள்.