பங்கு கிடைக்காத தீ

பூலப்பேட்டையில் பிடிக்கிற தீ, ஆள் வரும்வரை காத்திருக்கும். கூரை முகட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; கூலி வாங்காமல் தீயணைக்கிற கரியப்பன் தன் ஆட்களோடு ஓடிவந்து, "இரு, வந்துட்டம்" என்று முதல் குடத்தை வீசிய பிறகுதான் கீழே இறங்கப் பார்க்கும். ஓசூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். கரியப்பன் குடம் தூக்கிய பதினோரு வருஷத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பதிலுக்கு ஊர் செய்ததெல்லாம், மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள் வீட்டுக்கு ஒரு பிடி காய்ந்த ராகித் தாளை ஏரிக்கரையில் குவித்து, தீக்கு அதன் பங்கைக் கொடுத்ததுதான்.

பெங்களூர் லாரிகள் நின்று போக ஆரம்பித்து ஊர் பெருத்தது. 1956இல் பஞ்சாயத்து வரி போட்டு, தீயணைக்க வண்டியும் சம்பள ஆட்களும் வைக்கலாம் என்றது. முதலில் கை தூக்கியவன் கரியப்பன். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் மனைவி நாகம்மா இடுப்பொடிந்து மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. தீ என்று தமுக்குச் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஊட்டிய களியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினவன் அவன்.

"இனி உன்னை உட்டுட்டுப் போவமாட்டேன், புள்ள" என்றான்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்தாள் நாகம்மா.

அந்த வருஷப் பண்டிகைக்கு யாரும் தாள் தரவில்லை. "அதான் வரி கட்டியாச்சே" என்றார்கள். கரியப்பனும் அதையேதான் சொன்னான். வரி பஞ்சாயத்துக்குப் போனது. தீக்கு ஒன்றும் போகவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம், கரியப்பன் வீட்டு முகட்டிலேயே தீ உட்கார்ந்திருந்தது. அவன் பதறாமல் வண்டிக்கு ஆள் அனுப்பினான். நாகம்மாவை ஒற்றை ஆளாகத் தூக்கினால் வலியில் துடித்துப் போவாள், தீதான் காத்திருக்குமே. "இரு, வந்துட்டம்" என்று அதனிடம் சொன்னான். "வண்டி வருது, பயப்படாத" என்று அவளிடம் சொன்னான். புது ஆட்களுக்குத் தெரு தெரியாதென்று முக்குக்குப் போய், வழிகாட்ட நின்றான். வண்டி பத்தே நிமிஷத்தில் வந்தது. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. அய்யோ, அந்தப் பத்து நிமிஷம்! தீ காத்திருக்கவில்லை.

நாகம்மாவை அடக்கம் செய்த பிறகும், கரிந்த சுவரின்மேல் அகல்விளக்களவு தீ மிச்சமிருந்தது. வண்டிக்காரர்கள் இரண்டு தடவை தண்ணீர் அடித்தார்கள். ஐப்பசி மழையும் பெய்தது. அணையவில்லை. கரியப்பன் அங்கேயே கீற்றுச் சாய்த்துக் குடியிருந்து, தினமும் அதற்கு ஒரு பிடி தாள் கொடுத்தான். "அவ உள்ள இருந்தது உனக்குத் தெரியாதா?" என்று தினமும் கேட்டான். அது தாளைத் தின்றது.

மறுவருஷம் வரி எழுத வந்த குமாஸ்தா நாராயணப்பன் பேரேட்டைப் பிரித்தார். குடியிருப்போர் இரண்டு என்றிருந்தது. அதை ஒன்றாக்கப் பேனாவை எடுத்தவர், சுவர்மேல் இருந்த தீயைப் பார்த்தார், தாள் ஊட்டிக்கொண்டிருந்த கரியப்பனைப் பார்த்தார். இரண்டை இரண்டாகவே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.